வெளியே இருந்த அறுபத்தொன்பது நாள்

உலகத்தில் உள்ள சட்டங்களிலேயே எண்ணத் தெரிந்தது பிரெஞ்சுச் சட்டம் ஒன்றுதான் என்பது தெய்வசிகாமணியின் தீர்மானம். இந்த ஊரில் பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கி ஏழு மாதம் ஆன பிறகும் அந்தத் தீர்மானத்தில் ஒரு நூல்கூடப் பிரியவில்லை. இங்கிலீஷ்காரன் சட்டத்துக்குத் தூக்கில் போடத் தெரியும். டில்லிச் சட்டத்துக்கு முத்திரை குத்தத் தெரியும். ஆனால் ஒரு மனிதன் தீர்ப்புக்கு முன்னால் எத்தனை நாள் உள்ளே கிடந்தான் என்று தானாகவே எண்ணி, அதைத் தண்டனையில் கழித்து, சரியான நாளில் கதவைத் திறந்துவிடுகிற சட்டம் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான். அது யாரும் கேட்காமலே வேலை செய்யும். கேட்கிறவன் சட்டம் தெரியாதவன்.

இதை அவர் வேடிக்கையாகச் சொல்வதில்லை. வக்கீல் அரிகிருஷ்ணனிடம் இருபத்திரண்டு வருஷமாகக் குமாஸ்தா. கறுப்புக் கோட்டு வக்கீலுடையதைவிடப் பழசு; ரசகற்பூர வாசனையும் அதிகம். ஞாயிற்றுக்கிழமைகளில் சிறை வாசலில் கூடையும் கையுமாக நின்று, "எப்ப விடுவீங்க, எப்ப விடுவீங்க" என்று காவலரைக் கேட்கிற பெண்களுக்கு அவர் வைத்திருந்த பெயர் 'விசாரணைக் கமிட்டி'.

அந்தக் கமிட்டியில் புதிதாகச் சேர்ந்தவள் அஞ்சலாட்சி. அவள் புருஷன் பேர் பாவாடை; மில்லில் நூல் சுற்றுகிறவன். 1955-இல் பொங்கலுக்கு இரண்டு நாள் முன்னால், ஜனவரி பன்னிரண்டாம் தேதி, சாராயக் கடையில் ஒரு தகராறு. விழுப்புரத்தில் மதுவிலக்கு என்பதால் தாகம் தீர்த்துக்கொள்ள இங்கே வந்திருந்த ஒருவன் பாவாடையின் தங்கச்சியைப் பற்றி ஏதோ சொன்னான். பாவாடை பெஞ்சுப் பலகையைப் பெயர்த்து அவன் கையை முறித்துவிட்டான். அன்றைக்கே உள்ளே போனான். மே முப்பதாம் தேதி தீர்ப்பு வந்தது: ஓராண்டு.

கோர்ட்டுப் படியில் அஞ்சலாட்சி இடுப்பில் குழந்தையோடு அழுதுகொண்டு நின்றாள். இடுப்பில் இருந்த நாலு வயசுக் கமலா அழாமல் தெய்வசிகாமணியின் கோட்டுப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஒரு வருசமாம் அய்யா. அடுத்த வைகாசி வரைக்கும் நான் இன்னா பண்ணுவேன்?"

"யாரு வைகாசின்னு சொன்னது? புடிச்ச நாள்லேர்ந்து கணக்கும்மா. நூத்தி முப்பத்தெட்டு நாளு ஏற்கெனவே போயாச்சி. போகிக்கு மொத நாளு, ஜனவரி பன்னண்டு, சாயங்காலம் உன் வீட்டு வாசல்ல நிப்பான். சமைச்சி வை."

"எழுதிக் கேக்கணுமா அய்யா?"

"கேக்கறதா? யாருகிட்ட?"

வக்கீலுக்கும் அன்று மத்தியானம் அதே சந்தேகம் வந்தது. கோட்டைக் கழற்றிக்கொண்டே, "சிகாமணி, அந்த முந்தின நாளுக்கெல்லாம் ஒரு வரி எழுதிச் சிறைக்கு அனுப்பிடலாமா? இப்ப அங்க ஆளெல்லாம் புதுசு" என்றார்.

"முசே, சூரியனுக்கு உதிக்கச் சொல்லி மனு போடறதுங்களா?" என்றார் தெய்வசிகாமணி, பிரெஞ்சு மரியாதையில்.

வக்கீல் சிரித்தார். சிரித்துவிட்டுச் சாப்பிடப் போனார். பாவாடையின் சார்பில் செய்யப்பட்ட வாதம் அத்துடன் முடிந்தது.

தெய்வசிகாமணி தன் பங்குக்கு ஒரு காரியம் செய்தார். அஞ்சலாட்சி ஞாயிறுதோறும் புருஷனைப் பார்க்க அனுமதிச் சீட்டு எழுதி வாங்கிக் கொடுத்தார். எதுவரைக்கும் என்ற இடத்தில், தயங்காமல், அழகான சாய்வெழுத்தில், 12 ஜனவரி 1956 என்று போட்டார். ஒரு நாள் அதிகம் போடுவதும் சட்டத்தைச் சந்தேகிப்பதாகும் என்று நினைத்தார். உள்ளே இருந்த பாவாடைக்கும் அவள் மூலம் சொல்லி அனுப்பினார்: தேதி பன்னிரண்டு, யாரையும் எதுவும் கேட்காதே.

*

அஞ்சலாட்சி மில் வாசலில் கூழ் விற்றாள். ராத்திரி கேழ்வரகு மாவைப் புளிக்க வைத்து, கோழி கூவும் முன்னால் நொய்யரிசி கொதிக்கிற பானையில் கரைத்து ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிண்டுவாள். ஒரு நாள் கை ஓய்ந்தாலும் கூழ் பானையின் அடியைப் பிடித்துக்கொள்ளும். காலைச் சங்கு ஊதுவதற்குள் பானை மில் வாசலில் இருக்க வேண்டும். சுட்ட கருவாடும் பச்சை மிளகாயும் தனி.

போகியன்று காலை, தெருவெல்லாம் பழம்பாய் எரிந்த புகை அடங்காமல் கிடக்க, பானையை எடுக்காமல் அவள் வக்கீல் வீட்டுக்கு வந்தாள்.

"வர்ல அய்யா."

"யாரு?"

"அவுருதான். நேத்து சாயங்காலம் கருவாட்டுக் கொழம்பு வச்சி, பாப்பாவுக்குத் தலை வாரிப் பூ வச்சி, வாசல்லியே ஒக்காந்துகினு இருந்தேன். ராவெல்லாம் வெளக்க அணைக்கல."

தெய்வசிகாமணி பேனாவை வைத்தார். "விட்டிருப்பாங்கம்மா. நேத்தே விட்டாச்சி."

"போயி ஒரு வார்த்த கேட்டுட்டு வரட்டுமா?"

"கேட்டா இன்னா நெனப்பாங்க? சட்டம் தன் வேலையச் செஞ்சிடிச்சி. உன் புருஷன் நேரா வீட்டுக்கு வரலன்னா அதுக்குச் சட்டம் பொறுப்பில்ல."

அப்படியும் அவள் மனசு கேட்காமல் அந்த ஞாயிற்றுக்கிழமை போயிருக்கிறாள். காவலர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது பன்னண்டாம் தேதியோட முடிஞ்சி போச்சி. இதுக்கு மேல உள்ள விட முடியாது, போ" என்று கையில் திணித்துவிட்டார். முடிந்தது சீட்டா, புருஷனின் தண்டனையா என்று அவள் பிரித்துக் கேட்கவில்லை. தேதியும் அய்யா சொன்ன தேதிதான், காவலர் சொன்னதும் அதே தேதிதான். அவளுக்கு அது போதும்.

இதைக் கேட்டதும் தெய்வசிகாமணிக்கு உள்ளூரத் திருப்தி. "பாத்தியா? நான் சொன்னேன்ல" என்றார்.

*

தை மாதத்திலிருந்து பாவாடை ஊரில் தென்பட ஆரம்பித்தான்.

முதலில் பார்த்தவன் ராத்திரி ஷிப்டு முடிந்து வந்த ஒருத்தன். கூழ் குடித்துக்கொண்டே, "நேத்து பெரிய மார்க்கெட்டுல பாவாடையப் பாத்தேன், கூப்ட்டேன், திரும்பல" என்றான். வாயில் மிளகாய் இருந்தபடியால் அவன் கண் கலங்கியிருந்தது; அதனால் சொன்னது உண்மை போலவே இருந்தது. மறுநாள் இன்னொருத்தன் நோணாங்குப்பத்துப் படகுத்துறையில் பார்த்தான். அடுத்த வாரம் இரண்டு பேர் சேர்ந்து வைத்திக்குப்பத்தில் பார்த்தார்கள். தனக்கொடி என்ற மீன்காரியோடு வலை உலர்த்துகிற இடத்தில் உட்கார்ந்து சிரித்துப் பேசிக்கொண்டிருந்தானாம். ஒரு வாரத்துக்குள் அவன் போட்டிருந்த துண்டின் நிறமும் தெரிந்துவிட்டது. பச்சை.

அஞ்சலாட்சி ஒவ்வொன்றையும் கொண்டுவந்து தெய்வசிகாமணியின் மேசைமேல் வைத்தாள். அவரும் ஒவ்வொன்றையும் தன் சட்டத்துக்குச் சாட்சியாக ஏற்றுக்கொண்டார்.

"அந்தத் தனக்கொடி வூட்டுக்கே போயிட்டேன் அய்யா நேத்து."

"போயி?"

"எம் புருஷன் எங்கடின்னு கேட்டேன். கூடையத் தெறந்து காட்டறா. 'பாத்துக்க, சங்கரா மீனு இருக்குது, காரப்பொடி மீனு இருக்குது, உன் புருஷன் இல்ல. நான் கண்ணால பாக்காத ஆளுக்கு என்னைய வப்பாட்டி ஆக்கறாங்களே, அவன் கறுப்பா செவப்பா, அதயாவது சொல்லிட்டுப் போ'ன்னு கேக்கறா. சிரிக்கறா அய்யா."

"சிரிப்பாங்க. உள்ளது தெரிஞ்சா சிரிச்சித்தான் மறைப்பாங்க."

"போகும்போது ஒரு கை காரப்பொடிய முந்தானையில கட்டி உட்டா. வேணான்னேன். கொழந்தைக்குன்னா."

தெய்வசிகாமணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

மாசி மகத்துக்கு மறுநாள் வந்தவள் உட்காரவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானே பாத்தேன்."

ஊர் ஊராகச் சாமிகள் வைத்திக்குப்பத்துக் கடற்கரையில் வந்து இறங்கியிருந்தன. மேளம், தூசி, தலை மேல் தலை. மயிலம் சாமிக்குக் கற்பூரம் காட்டுகிற நேரத்தில், இடுப்பளவு தண்ணீரில், முதுகு காட்டி நின்றானாம். பச்சைத் துண்டு. இடுப்பில் குழந்தையோடு இவள், "கமலா அப்பா!" என்று கத்தியிருக்கிறாள். அவன் திரும்பி ஒரு தரம் பார்த்துவிட்டு, அவசரமே இல்லாமல், கூட்டத்துக்குள் நடந்து போய்விட்டான்.

"மூஞ்சி நல்லா தெரிஞ்சிச்சா?"

"பத்து வருசம் பாத்த மூஞ்சி அய்யா."

"அப்பறம் இன்னா. ஓடிப்போன புருஷன் மேல கேசு போடலாம். நான் எழுதறேன்."

"கேசு வேணாம். எந் தம்பி வில்லியனூர்லேர்ந்து பங்குனி பதினொண்ணு வண்டி கொண்டாரான். சட்டி பானைய ஏத்திகினு போயிடறேன். இந்த ஊர்ல இனிமே எந்தத் தெருவுல திரும்பினாலும் அவுரு நிப்பாரு. திரும்பிப் பாத்துட்டுப் போவாரு. எனக்குத் தாங்காது."

*

சிறைக்குள் போவது தெய்வசிகாமணியின் வேலை அல்ல. கைதிகளிடம் கைநாட்டு வாங்க இளைய குமாஸ்தா ஒருவர் உண்டு. மார்ச் இருபத்தொன்றாம் தேதி அவருக்கு அம்மை கண்டதால் இவர் போக வேண்டியதாயிற்று. உச்சி வெயில். முற்றத்தின் ஓரத்தில் கத்திரிப் பாத்திக்கு ஒருவன் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தான். இவரைப் பார்த்ததும் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் கும்பிட்டான்.

"வணக்கம் அய்யா."

பாவாடை.

செத்தவர்களைப் பார்ப்பது இந்த ஊரில் புதிதல்ல. எந்தத் தெருவிலும் இரண்டு பேர் பார்த்திருப்பார்கள். அதற்கு வேப்பிலை, எலுமிச்சம்பழம் என்று முறைகளும் இருக்கின்றன. விடுதலையாகி ஊரெல்லாம் சுற்றிக்கொண்டிருக்கிறவனைச் சிறைக்குள் பார்த்தால் என்ன செய்வது என்று எந்த முறையும் இல்லை. தெய்வசிகாமணி அவன் கால்களைப் பார்த்தார். தரையில்தான் இருந்தன.

"நீ... எப்ப திரும்பி வந்த?"

"எங்கேர்ந்து அய்யா?"

தெய்வசிகாமணி கைநாட்டுக் காகிதங்களை மறு கைக்கு மாற்றினார்.

"நீங்க சொன்ன பன்னண்டாம் தேதி வேட்டிய மடிச்சி வச்சிகினு கதவாண்ட ஒக்காந்தேன். வார்டரு சிரிச்சாரு. மே முப்பதுடான்னாரு. சரின்னு எழுந்து போயிட்டேன். அப்பறம் அவளும் வர்ல. ஒரு ஞாயிறு பாத்தேன், ரெண்டு ஞாயிறு பாத்தேன். அவளுக்கும் சலிச்சிப் போச்சி போலன்னு உட்டுட்டேன்."

"ஏன்டா, நீ ஒரு வார்த்த கேக்கறதில்ல? இத்தன நாளா வாயில இன்னா வச்சிருந்த?"

"நீங்கதான அய்யா கேக்க வேணான்னு சொல்லி அனுப்பினீங்க."

சிறை எழுத்தர் கலியபெருமாள் கடலூரிலிருந்து மாற்றலாகி வந்தவர். சாதுவான மனிதர்; மேசைமேல் மோர்ச் செம்பு. தெய்வசிகாமணி சத்தம் போட்டதை முழுக்கக் கேட்டுவிட்டுப் பெரிய நோட்டைப் புரட்டினார்.

"தீர்ப்பு மே முப்பது. அதுலேர்ந்து ஒரு வருசம். கடலூர்ல இப்படித்தான் சார் எழுதுவோம்."

"இது கடலூரு இல்ல! இங்க பிரெஞ்சுச் சட்டம் இன்னும் நடக்குது. புடிச்ச நாள்லேர்ந்து கழிக்கணும்."

"அப்படியா? யாரும் சொல்லலியே."

"சொல்லணுமா?"

"பின்ன? பழைய நோட்டு பிரெஞ்சுல இருந்திச்சி, எனக்குப் படிக்கத் தெரியாது. தீர்ப்புக் காகிதத்தப் பாத்துப் புது நோட்டு போட்டேன். நீங்க ஒரு துண்டுக் காகிதம் குடுத்திருந்தா அன்னிக்கே கதவத் தெறந்திருப்பேன். ஒருத்தன உள்ள வச்சிகினு எனக்கு இன்னா சார் லாபம்?" மோரை ஒரு வாய் குடித்தார். "இன்னும் ஏழு பேரு இதே மாதிரி இருக்காங்க. அவுங்க வக்கீலுங்களும் வர்ல. மொறையின்னா எல்லாருக்கும்தான?"

வெளியே முற்றத்தில் பாவாடை வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த பாத்திக்குப் போனான். தெய்வசிகாமணி மனசுக்குள் எண்ணினார். ஜனவரி பன்னிரண்டிலிருந்து இன்றுவரை அறுபத்தொன்பது நாள். அந்த அறுபத்தொன்பது நாளும் இவன் கத்திரிக்குத் தண்ணீர் ஊற்றியிருக்கிறான். அதே நாட்களில் மார்க்கெட்டில் நின்றிருக்கிறான், படகுத்துறையில் உட்கார்ந்திருக்கிறான், மாசி மகத்தில் முழுகி எழுந்திருக்கிறான். சட்டம் தன் ஆளை விட்டுவிட்டது. வெளியே வராமல் நின்றது உடம்பு மட்டும்தான்.

விண்ணப்பம் ஒரே வரி. வக்கீல் படிக்காமல் கையெழுத்துப் போட்டார். மூன்றாம் நாள், பங்குனி பதினொன்று, பாவாடையைக் கையில் ஒரு சான்றிதழோடு வெளியே விட்டார்கள். தெய்வசிகாமணியே கூடப் போனார். அவரை யாரும் அழைக்கவில்லை.

*

மில் தொழிலாளர் லைன் வீட்டு வாசலில் வண்டி நின்றது. பாயும் உலக்கையும் ஏறிவிட்டன. அஞ்சலாட்சி கூழ்ப்பானையைக் கவிழ்த்துச் சாம்பல் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அக்கம்பக்கத்துக்காரர்கள் வழியனுப்ப வந்தவர்கள் போல நின்றார்கள். பாவாடையைப் பார்த்ததும் வேடிக்கை பார்க்க வந்தவர்கள் போல ஆனார்கள்.

அவள் திரும்பாமலே சொன்னாள்: "இன்னா, வைத்திக்குப்பத்துல மீனு தீந்துடிச்சா?"

"எந்த வைத்திக்குப்பம்? நான் இப்பதான் வர்றேன். உள்ளேர்ந்து."

"உள்ளேர்ந்தாமே!" என்று யாரோ சிரித்தார்கள்.

அவள் தம்பி சாமிக்கண்ணு வண்டியிலிருந்து குதித்தான். நாலாவது வரை படித்தவன். "குடு மாமா அந்தக் காகிதத்த" என்று சான்றிதழை வாங்கி, எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தான். "தண்டனை முடிந்த நாள், பன்னண்டு, ஒண்ணு, அம்பத்தாறு. கேட்டுக்க அக்கா. பன்னண்டு சனவரி. சர்க்காரே எழுதியிருக்குது."

தெய்வசிகாமணி எழுதிக் கேட்ட வரி அது. ஒரு எழுத்து தப்பில்லை.

"அது சட்டப்படி முடிஞ்ச நாளு" என்று முன்னால் வந்தார். "ஆளு வெளிய வந்தது இன்னிக்கி. அவன் உள்ளதான்மா இருந்தான், நான் கண்ணால பாத்தேன். கணக்க அவுங்க கழிக்கல. நான்..." கோட்டின் பொத்தானைப் போட்டார், கழற்றினார். "நான் கேக்கல."

அஞ்சலாட்சி எழுந்தாள். கையெல்லாம் சாம்பல்.

"உங்க பேச்ச ஒரு தரம் நம்பிட்டேன் அய்யா. அன்னிக்கி வெளிய உட்டாச்சின்னு சொன்னதும் நீங்கதான். இன்னிக்கி உள்ளதான் இருந்தாருன்னு சொல்றதும் நீங்கதான். நான் எந்த அய்யாவ நம்பறது?"

பானையைத் தூக்கி வண்டியில் வைத்தாள். கமலாவைத் தூக்கி அதன் பக்கத்தில் உட்கார வைத்தாள். பாவாடை, எந்தத் துண்டு, எந்தக் கடற்கரை என்று ஊரார் பேசிக்கொள்வதை வெளியூர்ச் செய்தி போலக் கேட்டுக்கொண்டு திண்டாடி நின்றான்.

அப்போது மில்லில் பன்னிரண்டு மணிச் சங்கு ஊதியது.

பாவாடை சட்டென்று சுவர் ஓரமாகப் போய் நின்றான். முகவாய் நெஞ்சில் பட, இரண்டு கையையும் முன்னால் நீட்டி, உள்ளங்கையை மேலே திருப்பிக் காட்டினான். "நாப்பத்தொண்ணு" என்றான். யாரும் அவனை எண்ணவில்லை. சங்கு ஓய்ந்தது. அடுத்த ஆள் எண் சொல்வதற்காக அவன் காத்திருந்தான்.

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் நிறுத்திவிட்டார்கள். அஞ்சலாட்சி வெகுநேரம் அந்த உள்ளங்கைகளைப் பார்த்தாள். அப்புறம் வண்டிக்குப் போய்ப் பானையை இறக்கினாள். "தம்பி, மாட்ட அவுத்துத் தண்ணி காட்டு" என்றாள்.

காலையில் மிஞ்சி, சட்டியில் எடுத்து வைத்திருந்த கூழை அவனுக்குச் செம்பில் ஊற்றிக் கொடுத்தாள். கையை வளைத்துச் செம்பை மறைத்துக்கொண்டு, யாரோ பிடுங்கிவிடுவார்கள் என்பது போல அவன் குடித்தான். அவள் எதிரே குந்தி உட்கார்ந்தாள்.

"நீ உள்ள இருந்தது நெசம்" என்றாள். "அப்ப மாசி மகத்துல நான் பாத்தது யாரு?"

அவள் கேட்டது புருஷனை அல்ல, தெய்வசிகாமணியை. எந்தக் கேள்விக்கும் இலக்கத்தோடு விதி சொல்கிறவர், வண்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பாவாடைதான் செம்பை இறக்கிவிட்டுக் கேட்டான். "தண்ணியிலயா நின்னேன்?"

"இடுப்பு மட்டும்."

"பாப்பாவ நான் பாத்தனா?"

"பாத்த. ஒரு தரம் திரும்பிப் பாத்த."

"நல்லா இருந்தனா?"

"நல்லாத்தான் இருந்த. மூஞ்சி தெளிஞ்சி இருந்திச்சி. இப்படி இல்ல."

அவன் தலையாட்டிக்கொண்டான். தனக்கு வேண்டிய ஒருத்தன் எங்கேயோ சுகமாக இருக்கிறான் என்று கேள்விப்பட்டவன் போல மறுபடியும் செம்பைத் தூக்கினான்.

*

அந்த ஞாயிற்றுக்கிழமை சிறை வாசலில் வரிசை வேப்பமர நிழலைத் தாண்டி வெயிலுக்கு வந்திருந்தது. கூடைகள், தூக்குகள், மடியில் பீடிக் கட்டுகள். கடைசியில் கோட்டுப் போடாமல், வெறும் சட்டையில் ஒருவர் நின்றார். முன்னால் நின்ற பார்வதி என்ற பெண் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தாள்.

"உங்களுக்கு யாரு அய்யா உள்ள?"

"ஏழு பேரு" என்றார் தெய்வசிகாமணி.

அவள் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, கூடையை நகர்த்தி, அவருக்கு நிழலில் கொஞ்சம் இடம் விட்டாள். வரிசை நகர்ந்தது. அவர் முறை வந்தபோது காவலர் நிமிராமல், "இன்னா வேணும்?" என்றார்.

தெய்வசிகாமணி ஏழு பெயர் எழுதிய காகிதத்தைக் கம்பிக்குள் நீட்டினார். பின்னால் யாரும் கேட்கிறார்களா என்று ஒரு தரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"எப்ப விடுவீங்க?"